நாற்பது பின்களும் ஐந்து நம்பிக்கைகளும்

வெசாக் காலத்தில் கண்டி நகரில் பந்தல் விளக்குகள் ஓடுவதைப் பார்க்கச் சனம் திரளும். முன்பெல்லாம் அந்த ஓட்டத்தை நடத்தியது மோட்டாரில் சுழலும் ஓர் உருளை. அதில் பதித்த உலோகத் தகடு தொட்டால் விளக்கு எரியும், விலகினால் அணையும். இன்று அதே வேலையை உள்ளங்கை அளவான ஒற்றைப்பலகைக் கணினியும் சில வரி நிரலும் செய்துவிடும். பேராதனையில் பொறியியல் படிக்கும் மாணவருக்கும், கட்டுகஸ்தோட்டைப் பக்கம் காளான் கொட்டிலின் ஈரப்பதத்தைக் கட்டுப்படுத்த நினைப்பவருக்கும் ராஸ்பெரி பை என்ற அந்த வகைக் கணினி பொருத்தமான கருவிதான். ஆனால் அதன் ஓரத்தில் நிற்கும் 40 பின்களைப் பற்றிச் சில தவறான நம்பிக்கைகளும் கூடவே பரவுகின்றன. ஒரே பலகையை ஐந்தாறு பிள்ளைகள் பகிர்ந்து பழகும் பாடசாலையில் ஒரு பின் கருகினால் எல்லோருடைய பாடமும் நின்றுவிடும். ஆகவே இவற்றைத் திருத்திக்கொள்வது அவசியம்.

நம்பிக்கை 1: நிரலில் 4 என்று எழுதினால், அது பலகையின் நான்காவது பின்.

உண்மை: பலகையில் எண்ணிக்கொண்டு போகும் வரிசை இலக்கம் ஒன்று, சிப்பு அந்தப் பின்னுக்கு வைத்திருக்கும் ஜீபிஐஓ (பொது உள்ளீடு/வெளியீடு) இலக்கம் வேறொன்று. ஜீபிஐஓ 4 இருப்பது வரிசையில் ஏழாவது பின்னில். வரிசையில் நான்காவதாக இருப்பது 5 வோல்ற் மின்வழங்கல். அதற்கும் ஆறாவது பின்னான கிரவுண்டுக்கும் இடையில் ஓர் அழுத்து ஆளியைப் பொருத்தி அழுத்தினால், மின்வழங்கலே குறுக்குச்சுற்றாகிவிடும். ஜீபிஐஓ ஸீரோ லைப்ரரி வெறும் இலக்கத்தை ஜீபிஐஓ இலக்கமாகவே எடுத்துக்கொள்ளும். பழைய வயரிங்பை லைப்ரரிக்கு மூன்றாவதாக ஒரு வரிசை உண்டு: ஜீபிஐஓ 17ஐ அது 0 என்று அழைக்கும். வயரைச் செருகுமுன் முனையத்தில் பின்அவுட் கட்டளையை ஓட்டிப் படத்தைப் பாருங்கள். ஒரஞ்ச் பை போன்ற பிற பலகைகளுக்கு அவற்றின் சொந்தப் படமே வேண்டும். 40 பின் இருப்பதால் இலக்கங்களும் ஒன்றாகிவிடாது.

நம்பிக்கை 2: நிரல் சரியாக இருந்தால் பலகைக்கு ஆபத்தில்லை.

உண்மை: பலகைகள் பழுதாவது இங்கேதான். லைப்ரரி செய்வது பின்னை உயர்த்து, தாழ்த்து, வாசி என்று சிப்புக்குச் சொல்வது மட்டுமே. வயரில் வருவது எத்தனை வோல்ற் என்பது அதற்குத் தெரியாது. ராஸ்பெரி பையின் ஜீபிஐஓ பின்கள் 3.3 வோல்றில் இயங்குபவை. 5 வோல்றைத் தாங்கும்படி அமைக்கப்பட்டவை அல்ல. தூரம் அளக்கும் எச்சி-எஸ்ஆர்04 உணரியை 5 வோல்றில் இயக்கினால், அதன் எக்கோ முனையும் ஏறத்தாழ 5 வோல்றையே திருப்பி அனுப்பும். எக்கோவிலிருந்து 1 கிலோ ஓம் தடையி, அங்கிருந்து கிரவுண்டுக்கு 2 கிலோ ஓம் தடையி என்று பிரித்தால் பின்னுக்குச் சுமார் 3.3 வோல்ற் மட்டுமே போகும்.

மின்னோட்டமும் அப்படித்தான். எல்லாப் பின்களிலுமாகச் சேர்த்து 50 மில்லி அம்பியருக்குள் நிற்பது நல்லது. 330 ஓம் தடையியுடன் ஒரு சிவப்பு எல்ஈடி சுமார் 4 மில்லி அம்பியர்தான் எடுக்கும். சாதாரண 5 வோல்ற் ரிலேயின் சுருளோ சுமார் 70 கேட்கும். அதை நேரடியாகப் பின்னில் மாட்டக் கூடாது. இடையில் ஒரு ட்ரான்சிஸ்டர் வேண்டும், சுருளுக்குக் குறுக்கே ஒரு டயோடும் வேண்டும். ரிலேயின் மறுபக்கத்தில் வருவது 230 வோல்ற் வீட்டு மின்சாரம் என்றால், அந்தப் பக்கத்தைத் தகுதியுள்ள மின் வேலைக்காரரிடமே விடுங்கள்.

நம்பிக்கை 3: நிரல் நின்றால் அது இயக்கும் பம்பும் நின்றுவிடும்.

உண்மை: அது லைப்ரரியைப் பொறுத்தது. ஜீபிஐஓ ஸீரோ ஒழுங்காக முடியும்போது பின்னை உள்ளீடாக மாற்றிவிடும். ஆர்பிஐ.ஜீபிஐஓ என்ற இன்னொரு லைப்ரரியில் கிளீனப் கட்டளையை எழுத மறந்தால், உயர்த்திய பின் உயர்ந்தே நிற்கும். நிரலைப் பலவந்தமாக நிறுத்தினால் எந்த லைப்ரரியும் ஒழுங்குபடுத்தப் போவதில்லை. ஏப்ரல் மாத மாலை இடிமழையில் கண்டியில் மின்சாரம் போய் வருவதை நினைத்துப் பாருங்கள்: மின்சாரம் வந்த கணத்திலிருந்து நிரல் தொடங்கும்வரை பின்கள் எவர் கட்டளையிலும் இல்லை. ஜீபிஐஓ 0 முதல் 8 வரையானவை அப்போது உள்ளேயே மேல்நோக்கி இழுக்கப்பட்டிருக்கும். பம்புக்கு 9க்கு மேற்பட்ட ஒன்றைத் தேர்ந்து, பின்னுக்கும் கிரவுண்டுக்கும் இடையில் 10 கிலோ ஓம் தடையி ஒன்றை வையுங்கள். உயர்ந்தால் இயங்கும் சுற்று என்றால், யாரும் கட்டளையிடாத நேரத்தில் பம்பு நின்றே இருக்கும்.

நம்பிக்கை 4: பழைய பாடத்தின் நிரல் ஓடாவிட்டால் பலகை பழுது.

உண்மை: பெரும்பாலும் மாறியிருப்பது லைப்ரரியின் அடித்தளம். வயரிங்பையை உருவாக்கிய கோர்டன் ஹெண்டர்சன் 2019இல் அதன் பொது வெளியீட்டை நிறுத்தினார். பின்னர் வேறு சிலர் அதைப் பொறுப்பெடுத்தார்கள். 2023இல் வந்த ராஸ்பெரி பை 5இல் இந்தப் பின்களை ஆர்பி1 என்ற தனிச் சிப்பு நடத்துகிறது. பழைய சிப்பின் பதிவேடுகளை நேரடியாகத் தொட்டு வேலை செய்த ஆர்பிஐ.ஜீபிஐஓ அதில் ஓடாது. லினக்ஸ் கருவின் முறையான வழியில் போகும் லிப்ஜீபிஐஓடி, எல்ஜீபிஐஓ ஆகியவை ஓடும்; ஜீபிஐஓ ஸீரோவும் எல்ஜீபிஐஓவின் மேல் ஏறி ஓடும். புதிதாகத் தொடங்குபவர் இவற்றில் தொடங்குவதே நல்லது.

நம்பிக்கை 5: பின்கள் நிரலில் எழுதிய நேரத்துக்கே அப்படியே இயங்கும்.

உண்மை: லினக்ஸ் ஒரே நேரத்தில் பல வேலைகளைப் பார்ப்பதால் சில மில்லிசெக்கன்கள் முன்பின் ஆகலாம். பந்தலில் ஒரு வரிசை அணைந்து அடுத்தது எரிய அது தாராளம். டபிள்யூஎஸ்2812 வகை நிற எல்ஈடிப் பட்டிக்கோ ஒரு பிட்டுக்கு 1.25 மைக்ரோசெக்கன்தான், பைதன் சுற்றால் அதைப் பிடிக்க முடியாது. சிப்பின் வன்பொருளைப் பயன்படுத்தும் தனி லைப்ரரி வேண்டும், அல்லது ராஸ்பெரி பை பிக்கோ போன்ற நுண்கட்டுப்படுத்தியிடம் அந்த வேலையைக் கொடுக்க வேண்டும்.

லைப்ரரிகள் இனியும் மாறும். 3.3 வோல்றும் ஓமின் விதியும் அப்படி மாறுபவை அல்ல. பாடசாலைக் கணினிக் கழகங்களில் கற்பிப்போரிடம் என் வேண்டுகோள் இதுதான்: முதல் வகுப்பில் நிரலுக்கு முன் மல்ட்டிமீற்றரைக் கையில் கொடுங்கள். எந்தப் பின்னில் எத்தனை வோல்ற் என்று பிள்ளைகள் தாங்களே அளந்து எழுதட்டும். அளக்கத் தெரிந்த பிள்ளை எந்த லைப்ரரியையும் பயமின்றிக் கற்றுக்கொள்ளும்.