தீபாவளி விடுமுறையில் தீம் பார்க்: போகலாமா, எப்படிப் போவது?

2021 தீபாவளிக்கு முன், கொரோனா காலத்தில், புனே சாங்வியிலிருந்து ஒரு வாசகி கேட்டார்: "பிள்ளைகள் ஒன்றரை வருஷமாக வீட்டுக்குள்ளேயே அடைந்து கிடக்கிறார்கள். மூத்தவளுக்கு 12 வயது, சின்னவனுக்கு 7. தீம் பார்க் திறந்துவிட்டார்கள், தீபாவளி லீவுக்கு இமேஜிகாவுக்குக் கூட்டிப் போங்கள் என்று தினமும் நச்சரிப்பு. நானும் கணவரும் இரண்டு டோஸ் தடுப்பூசி போட்டுக்கொண்டோம். எங்களோடு இருக்கும் மாமியாருக்கு 68 வயது, சர்க்கரை உண்டு. போகலாமா?"

போகலாம். ஆனால் தீபாவளி வாரத்தில் வேண்டாம். மாமியாரை அழைத்துப் போகவும் வேண்டாம். இவை இரண்டும் அச்சமூட்டச் சொன்னவை அல்ல. காரணம் தெரிந்தால் நீங்களே இதே முடிவுக்கு வருவீர்கள்.

முதலில் அப்போதைய விதி என்ன என்பதைப் பார்த்துவிடுவோம். கொரோனா பரவலால் 2020 மார்ச்சில் மூடிய பொழுதுபோக்குப் பூங்காக்களை அந்த ஆண்டு அக்டோபர் 15 முதல் திறக்க மத்திய அரசு இசைவு தந்தது. அதற்கான நடைமுறைகளைச் சுகாதார அமைச்சகம் அக்டோபர் 8 அன்று வெளியிட்டது. ஆறடி இடைவெளி, முகக்கவசம், நுழைவாயிலில் வெப்பச் சோதனை, உணவுக்கூடத்தில் பாதி இருக்கைகள் மட்டும், குளிரூட்டி 24 முதல் 30 டிகிரிக்குள் என்பவை அதன் சாரம். இரண்டாம் அலைக்குப் பிறகு மகாராஷ்டிராவில் 2021 அக்டோபர் 22 முதல் நீர் விளையாட்டுகள் இல்லாத சவாரிகளுக்கு மட்டும் அனுமதி கிடைத்தது. அந்த மத்திய நெறிமுறையில் உங்கள் வீட்டைத் தொடும் ஒரு வரி இருந்தது. 65 வயதைத் தாண்டியவர்கள், நீரிழிவு போன்ற இணைநோய் உள்ளவர்கள், கர்ப்பிணிகள், 10 வயதுக்கு உட்பட்ட குழந்தைகள் ஆகியோர் வீட்டிலேயே இருப்பது நல்லது என்றது அது. மாமியார் இரண்டு வகையில் அதற்குள் வருகிறார். சின்னவனும் வருகிறான். இது தடையல்ல, அறிவுரைதான். ஆயினும் காரணமில்லாமல் சொன்னதல்ல.

கொரோனா கிருமி முக்கியமாக மூச்சு வழியே பரவுகிறது. பேசும்போதும் கத்தும்போதும் பாடும்போதும் வாயிலிருந்து நுண்துளிகள் வெளிவருகின்றன. பெரிய துளிகள் சில அடிகளுக்குள் விழுந்துவிடும். மிகச் சிறியவை ஏரோசாலாக (காற்றில் மிதந்து நிற்கும் நுண்துளி) மூடிய இடத்தில் நெடுநேரம் தங்கும். கைப்பிடிக் கம்பியைத் தொட்டு நோய் வருவது இதோடு ஒப்பிட்டால் மிகக் குறைவு. பூங்காக்கள் கம்பிகளைத் துடைப்பதைப் பெருமையாகக் காட்டின. நாமும் அதைப் பார்த்து நிம்மதி அடைந்தோம். உண்மையில் அன்றைய நாள் பத்திரமாகக் கழியுமா என்பதைத் தீர்மானிப்பது காற்று.

அப்படிப் பார்த்தால் ஆபத்து எங்கே இருக்கிறது என்ற கணக்கு மாறிவிடுகிறது. திறந்த வெளியில் காற்றைக் கிழித்து ஓடும் ரோலர் கோஸ்டரில் இரண்டு மூன்று நிமிடம் உட்காருவது அன்றைய பொழுதின் பத்திரமான பகுதிகளில் ஒன்று. அதில் ஏறுவதற்காக நாற்பது நிமிடம் கூரைக்கடியில் வளைந்து வளைந்து நிற்கும் வரிசை அதைவிட ஆபத்தானது. மூடிய இருட்டு அரங்குக் காட்சிகள் இன்னும் மோசம். எல்லாரும் ஒரே நேரத்தில் முகக்கவசத்தைக் கழற்றும் உணவுக்கூடம் எல்லாவற்றையும் மிஞ்சும். இதோடு இன்னொன்றையும் சேர்த்துக்கொள்ளுங்கள்: வேறு குடும்பத்தோடு காரைப் பகிர்ந்துகொண்டு, கண்ணாடியை ஏற்றி, ஏசி போட்டு, எக்ஸ்பிரஸ்வேயில் போய்வரும் நேரம். பூங்காவுக்குள் ஆறடி தள்ளி நின்றவர்கள் திரும்பும் வழியில் ஆறு அங்குல இடைவெளியில் உட்கார்ந்திருப்பார்கள்.

கத்துவதைப் பற்றியும் சொல்ல வேண்டும். 2020இல் ஜப்பானில் தீம் பார்க்குகள் திறந்தபோது சவாரிகளில் சத்தமாகக் கூச்சலிட வேண்டாம் என்று கேட்டுக்கொண்டார்கள். பலரும் அதைக் கேலி செய்தார்கள். மருத்துவக் கண்ணோட்டத்தில் அது சரியான அறிவுரை. உங்கள் பிள்ளைகளைக் கத்தாதே என்று அதட்ட வேண்டியதில்லை. முகக்கவசத்தைச் சவாரியிலும் கழற்றாமல் இருந்தால் போதும். காதில் மாட்டும் வகை வேகத்தில் பறந்துவிடும். தலைக்குப் பின்னால் கட்டும் வகையைப் போடுங்கள். வியர்வையில் நனைந்த முகக்கவசம் காற்றைச் சரியாக வடிகட்டாது, மூச்சும் முட்டும். ஆளுக்குக் குறைந்தது மூன்று மாற்றுக்கு வைத்துக்கொள்ளுங்கள். ஐந்து வயது வரை உள்ள குழந்தைகளுக்கு முகக்கவசம் தேவையில்லை என்பது மத்திய சுகாதாரத் துறையின் 2021 வழிகாட்டல். ஆறிலிருந்து பதினொன்று வரை பெரியவர்கள் பார்வையில் அணியலாம். ஆகவே உங்கள் ஏழு வயதுப் பையன் அணியலாம், ஆனால் மூச்சுத் திணறுகிறதா என்று நீங்கள் பக்கத்தில் இருந்து பார்க்க வேண்டும்.

தீபாவளி வாரம் வேண்டாம் என்றது கூட்டத்தால்தான். 2021இல் நவம்பர் 4 தீபாவளி. அதை ஒட்டிய நாட்களில் புனேயும் மும்பையும் ஒரே திசையில் புறப்படும். கூட்டம் இரட்டித்தால் வரிசையும் உணவுக்கூடமும் இரட்டிக்கும். இரண்டு வாரம் கழித்து, ஒரு வாரநாளில், கதவு திறக்கும் நேரத்திலேயே உள்ளே போய், திறந்தவெளிச் சவாரிகளை மட்டும் முடித்துக்கொண்டு, மதிய நெரிசல் தொடங்கும்போது வெளியே வந்துவிடுங்கள். ஒரு நாள் பள்ளிக்கு விடுப்பு எடுத்தால் ஒன்றும் குடிமுழுகிவிடாது. சாப்பாட்டை உணவுக்கூடத்தில் வைத்துக்கொள்ளாமல் மரத்தடியிலோ வெளியே வந்த பிறகோ வைத்துக்கொள்ளுங்கள். சாப்பிடும் முன் சோப்புப் போட்டு 40 நொடி கை கழுவுங்கள். ஒவ்வொரு சவாரிக்குப் பிறகும் சானிடைசர் தேவையில்லை. கையுறை வேண்டவே வேண்டாம். அது அழுக்கைச் சேர்த்து முகத்துக்குக் கொண்டுவரும்.

நுழைவாயிலில் நெற்றியில் வெப்பமானிக் கருவியைக் காட்டி 97 என்று சொல்வதை ஒரு சான்றிதழாக எடுத்துக்கொள்ளாதீர்கள். அறிகுறி தோன்றுவதற்கு இரண்டு நாள் முன்பே ஒருவர் கிருமியைப் பரப்பத் தொடங்கலாம். சிலருக்கு அறிகுறியே வராது. ஒரு பாராசிட்டமால் மாத்திரை போட்டுவிட்டு வந்தால் கருவிக்குத் தெரியாது. உங்கள் வீட்டில் யாருக்காவது அன்று காலை தொண்டை கரகரத்தால் பயணத்தை ரத்து செய்யுங்கள். டிக்கெட் பணம் போகிறதே என்று மாத்திரை கொடுத்துக் கூட்டிப் போவது அடுத்தவர் வீட்டுப் பெரியவருக்குச் செய்யும் தீங்கு.

குறுக்குவழிகளைப் பற்றி. 2020 ஏப்ரலில் திருப்பூர் உழவர் சந்தையில் கிருமிநாசினிச் சுரங்கம் வைத்தபோது நாடே அதைப் பின்பற்றியது. அந்த மாதமே மத்திய சுகாதார அமைச்சகம் மனிதர்கள் மீது கிருமிநாசினி தெளிக்கக் கூடாது என்று அறிவித்தது. ஹைப்போகுளோரைட் கரைசல் கண்ணையும் தோலையும் மூச்சுக்குழலையும் எரிக்கும். நெஞ்சுக்குள் ஏற்கெனவே போன கிருமியை அது தொடாது. எங்காவது இன்னும் அப்படி ஒரு வளைவு வைத்திருந்தால் பிள்ளைகளை அதற்குள் விடாதீர்கள். கபசுரக் குடிநீரைச் சித்த மருத்துவர் சொல்லிக் குடிப்பது வேறு. குடித்துவிட்டோம், இனி கூட்டத்துக்குள் போகலாம் என்று நினைப்பது வேறு. கற்பூரமும் ஓமமும் கட்டிய சிறு பொட்டலத்தைக் குழந்தையின் கழுத்தில் மாட்டாதீர்கள். கற்பூரம் வாய்க்குள் போனால் வலிப்பு வரும்.

இனி பலரும் கேட்காத ஒரு விஷயம். என் பார்வையில் நோய்க்கு அடுத்தபடியாக இதைத்தான் கேட்க வேண்டும். சவாரிகள் மாதக்கணக்கில் ஓடாமல் நின்ற இயந்திரங்கள். இமேஜிகா இருக்கும் கோபோலிப் பகுதியின் மழை அடைமழை. இரண்டு பருவமழையை அவை நின்றபடியே வாங்கின. இரும்புப் பிணைப்புகளில் துரு ஏறும். சக்கரங்களின் ரப்பர் ஒரே இடத்தில் அழுந்தித் தட்டையாகும். ஹைட்ராலிக் (எண்ணெய் அழுத்தத்தில் இயங்கும்) குழாய்களின் இணைப்பு வளையங்கள் காய்ந்து கசியும். எலி மின்கம்பியைக் கடிக்கும். நன்றாக நடத்தப்படும் பூங்கா ஒவ்வொரு பாகத்தையும் கழற்றிப் பார்த்து, மணல்மூட்டைகளை இருக்கையில் வைத்துப் பலமுறை ஓட்டிய பிறகே ஆளை ஏற்றும். இதில் அலட்சியம் என்ன செய்யும் என்பதை நாம் பார்த்திருக்கிறோம். 2016 மே மாதம் சென்னை தாம்பரம் அருகே கிஷ்கிந்தா பூங்காவில் சோதனை ஓட்டத்தின்போது ராட்டினம் சரிந்து அதில் அமர்ந்திருந்த ஊழியர் ஒருவர் இறந்தார். 2019 ஜூலையில் அகமதாபாத் காங்கரியாவில் ஊசல் ராட்டினம் முறிந்து உயிர்கள் போயின. இரண்டுக்கும் கொரோனாவோடு சம்பந்தமில்லை. நீண்ட ஓய்வுக்குப் பிறகு ஓடும் எந்த ராட்டினத்துக்கும் அவற்றோடு சம்பந்தம் உண்டு.

ஏறும் முன் நீங்களே பார்க்கக்கூடியவை சில. இயக்குபவர் ஒவ்வொரு இருக்கையின் பூட்டையும் கையால் இழுத்துப் பார்க்கிறாரா, தூரத்திலிருந்து கையசைத்துவிட்டு விசையை அழுத்துகிறாரா? தோள்பட்டைக் கம்பி பூட்டிக்கொண்ட பிறகு தளர்கிறதா? திருகுகளைச் சுற்றிச் செம்பழுப்புத் தூள் உதிர்ந்திருக்கிறதா? வழக்கத்துக்கு மாறான உலோக உரசல் சத்தம் வருகிறதா? முந்தைய சுற்று பாதியில் நின்று மறுபடி ஓடியதா? இவற்றில் ஒன்று தென்பட்டாலும், பிள்ளை அழுதாலும் பரவாயில்லை, இறக்கிவிடுங்கள். அன்றாடச் சோதனைப் பதிவேடு இருக்கிறதா என்று கேட்க உங்களுக்கு உரிமை உண்டு. நல்ல நிர்வாகம் அதற்குக் கோபித்துக்கொள்ளாது. கோபோலி ஆனாலும் நிகடி அப்பு கர் பூங்கா ஆனாலும் ஊர்த்திருவிழா ராட்டினம் ஆனாலும் இதே கேள்விதான்.

நீர் விளையாட்டுகள் மூடிக் கிடந்து திறக்கும்போதும் கவனம் வேண்டும். சரியாகக் குளோரின் கலந்த நீர் கொரோனாவைப் பரப்புவதாகச் சான்று இல்லை. குளத்து நீரில் கட்டற்ற குளோரின் (வேறெதோடும் சேராமல் கிருமியைக் கொல்லத் தயாராக உள்ள குளோரின்) லிட்டருக்குக் குறைந்தது 1 மில்லிகிராம் இருக்க வேண்டும். மூக்கைத் துளைக்கும் குளோரின் நெடி சுத்தத்தின் அடையாளமல்ல. வியர்வையோடும் சிறுநீரோடும் சேர்ந்து குளோரின் தீர்ந்துபோனால்தான் அந்த நெடி வரும். நெடுநாள் தேங்கிய குழாய்களில் லெஜியோனெல்லா என்ற பாக்டீரியா வளர்ந்து, பீச்சும் நீர்த்திவலை வழியே நுரையீரலைத் தாக்கவும் கூடும். தண்ணீரை முழுதும் வடித்து, குழாய்களைக் கழுவி, புதுநீர் நிரப்பினார்களா என்று திறப்பு வாரத்தில் விசாரியுங்கள். முதல் வாரத்துக்கு அவசரப்படாதீர்கள்.

கடைசியாக உங்கள் மாமியார். அவர் வராமல் இருந்தால் மட்டும் போதாது. 2021 அக்டோபரில் 18 வயதுக்குக் கீழ் தடுப்பூசி தொடங்கியிருக்கவில்லை. நீங்கள் நால்வரும் திரும்பி வந்து அவரோடுதான் இருக்கப்போகிறீர்கள். அவருக்கு இரண்டு டோஸும் முடிந்து பதினான்கு நாள் ஆகியிருந்தால் மட்டுமே பயணத்தை முடிவு செய்யுங்கள். ஆகவில்லை என்றால் தள்ளிப் போடுங்கள். 2021 அக்டோபர் 21 அன்று நாட்டில் நூறு கோடி டோஸ் தாண்டியது. ஊசி கிடைக்காது என்ற நிலை அப்போது இல்லை. திரும்பிய பின் ஒரு வாரம் பிள்ளைகள் பாட்டியோடு ஒரே அறையில் படுக்க வேண்டாம். அறிகுறி பெரும்பாலும் நான்கைந்து நாளில் தெரியும், 14 நாள் வரை எடுக்கலாம். யாருக்காவது காய்ச்சல் கண்டால் அன்றே பரிசோதனை செய்யுங்கள். உங்களுக்கு அவுந்த் மாவட்ட மருத்துவமனை பக்கத்திலேயே இருக்கிறது. ஆக்சிமீட்டரில் (விரலில் மாட்டி ரத்த ஆக்சிஜன் பார்க்கும் கருவி) 94க்குக் கீழே இறங்கினால் காத்திருக்காமல் மருத்துவமனைக்குப் போங்கள். தெரிந்தவர் சொன்னார் என்று ஸ்டீராய்டு மாத்திரை தொடங்காதீர்கள். சர்க்கரை உள்ளவர் உடலில் அது கருப்புப் பூஞ்சைக்கு வழிவிடும். 2021 கோடையில் மகாராஷ்டிராவில் அதில் கண்ணை இழந்தவர்கள் உண்டு.

பரிசோதனையில் தொற்று உறுதியானால் அன்று உங்களோடு காரில் வந்தவர்களுக்கும் பூங்கா நிர்வாகத்துக்கும் ஒரு போன் செய்துவிடுங்கள். அன்று உங்கள் இருக்கையைப் பூட்டிய ஊழியருக்கும் வீட்டில் ஒரு தாயார் இருப்பார்.