வீடு மாறினால் மாவட்டமும் மாறுமா?

தாராவியிலிருந்து செம்பூருக்குக் குடிமாறிவிட்டோம். சயான் ஆஸ்பத்திரியில் பிறந்த மகளுக்குப் பிறப்புச் சான்றிதழ் வேண்டும். வருமானச் சான்றிதழும் கேட்கிறார்கள். எந்த ஆபீசுக்குப் போவது?
– வாசகி, செம்பூர்

பிறப்புச் சான்றிதழுக்குப் பழைய வீடும் கணக்கில்லை, புது வீடும் கணக்கில்லை. பிள்ளை பிறந்த இடம்தான் கணக்கு. சயான் ஆஸ்பத்திரி இருப்பது மாநகராட்சியின் எஃப் வடக்கு வார்டில். பதிவும் அங்கேதான். நேராக மாட்டுங்காவில் இருக்கும் அந்த வார்டின் ஆபீசுக்குப் போங்கள்.

வருமானச் சான்றிதழ் தருவது மாநகராட்சி அல்ல, தாசில்தார். இதற்கு வசிக்கும் வீடுதான் முக்கியம். 1990இல் மும்பையை இரண்டு மாவட்டமாக்கினார்கள். தாராவி நகர மாவட்டத்தில் நின்றுவிட்டது. செம்பூர் புறநகர் மாவட்டம், குர்லா தாலுகா. டெம்போவில் சாமான் ஏற்றிய அன்றே நீங்கள் மாவட்டம் தாண்டிவிட்டீர்கள்! குர்லா தாசில்தாருக்கு 'ஆப்லே சர்க்கார்' இணையதளம் வழியாகவே விண்ணப்பிக்கலாம். அதற்கு முன் ஆதாரில் செம்பூர் முகவரியை ஏற்றிவிடுங்கள்.