அஸ்வினுக்கு 9.75 கோடி: பழைய பெயருக்கு எவ்வளவு கொடுக்கலாம்?

திண்டிவனத்துல வேலை பார்க்கிற ஒரு தம்பி, விழுப்புரத்துல என்னைப் பார்க்க வந்தார். சம்பளம் 30,000. பத்து வருஷம் ஓடின ஒரு பெரிய கார், விலை 4 லட்சம். பர்சனல் லோன் போட்டு வாங்கலாமான்னு கேட்டார். "அண்ணா, புதுசுல அது 12 லட்சம்ணா!"

நான் காரை விட்டுட்டு சிஎஸ்கே கதைக்குப் போனேன்.

2024 நவம்பர் மெகா ஏலத்துக்கு சிஎஸ்கே 55 கோடியோட போனது. அதில் 9.75 கோடி, அதாவது கிட்டத்தட்ட 18%, அஸ்வினுக்கே போச்சு. டெஸ்ட்டில் 537 விக்கெட் எடுத்தவர். அவர் திறமையில் யாருக்கும் சந்தேகம் இல்லை. ஆனா அப்போ வயசு 38. முந்தின சீசனில் ராஜஸ்தானுக்கு 15 மேட்ச், 9 விக்கெட். இறக்கம் ஏற்கெனவே கணக்கில் தெரிஞ்சது. 2025ல் 9 மேட்ச், 7 விக்கெட். டீம் கடைசி இடம். ஆகஸ்ட்டில் அவர் ஐபிஎல்லில் இருந்தே ஓய்வு அறிவிச்சார். அதே ஏலத்தில் 10 கோடிக்கு எடுத்த நூர் அகமது 24 விக்கெட் எடுத்தார்.

அப்போ வயசானவங்களை எடுக்கவே கூடாதா? அப்படி இல்லைங்க. 2018ல் இதே சிஎஸ்கே இம்ரான் தாஹிரை 1 கோடிக்கு எடுத்தது. 2019ல், 40 வயசுல, 26 விக்கெட்டோட பர்ப்பிள் கேப் வாங்கினார். அவர் சொதப்பியிருந்தாலும் போறது 1 கோடிதான்.

வயசு மட்டும் ரிஸ்க் இல்லை. இறங்குற பொருளுக்கு ஏறுமுக விலை கொடுக்கிறதுதான் ரிஸ்க்.

எதை வாங்கினாலும் மூணு கேள்வி கேளுங்க:

1. நான் காசு கொடுக்கிறது நேத்து செஞ்சதுக்கா, நாளைக்குச் செய்யப்போறதுக்கா?
2. கடைசி ஒண்ணு ரெண்டு வருஷம் ஏறுதா, இறங்குதா?
3. இது மொத்தமா வீணாப்போனா என்னால தாங்க முடியுமா?

இப்போ தம்பியோட கார். 4 லட்சம், 14% வட்டி, 5 வருஷம். மாச இஎம்ஐ சுமார் 9,300. மொத்தம் கட்டுறது சுமார் 5.58 லட்சம். சம்பளத்துல 31% அதுக்கே போயிடும். பெட்ரோல், இன்ஷூரன்ஸ், ரிப்பேர் எல்லாம் தனி. சொந்த காருக்கு ஆர்சி முதலில் 15 வருஷம்தான் செல்லும். கடைசி இஎம்ஐ கட்டி முடிக்கிற நேரத்துல, எஃப்சி எடுத்து ஆர்சியைப் புதுப்பிக்கிற செலவு வாசல்ல வந்து நிக்கும்.

தம்பி கொஞ்ச நேரம் பேசவே இல்லை. அப்புறம், "கையில இருக்கிற காசுக்குள்ள சின்ன கார் பார்க்கிறேண்ணா"ன்னார்.

அதுதான் தாஹிர் விலை. நீங்க இப்போ எந்த அஸ்வினுக்கு ஏலம் கேட்டுட்டு இருக்கீங்க? கமெண்ட்டில் சொல்லுங்க, அடுத்த வீடியோவில் கணக்குப் போட்டுப் பார்ப்போம்.