இரத்தம் நின்ற பின்னும் காவல் வேண்டும்



பசறையிலோ மடுல்சீமையிலோ அப்புத்தளையிலோ ஒரு தாய் பிரசவத்தில் மிகுந்த இரத்தம் இழந்து உயிர் பிழைத்தால், வீட்டார் பெருமூச்சு விட்டுச் சொல்வது ஒன்றுதான்: "இரத்தம் நின்றுவிட்டது, இனிப் பயமில்லை." அந்த ஆறுதல் நியாயமானதே. ஆயினும் அது பாதி உண்மை. இரத்தப் போக்கு நின்ற பின்னும் நாட்கணக்காக, சிலருக்கு வாரக்கணக்காக, உடலின் காவற்படை களைத்துக் கிடக்கிறது. வேறு நாளில் எளிதில் விரட்டப்படும் கிருமி, அந்த வேளையில் உயிரையே கேட்கும். இது ஏன் என்பதை இவ்வாரம் படிப்படியாக ஆராய்வோம்.

இழப்பது எவ்வளவு?

வளர்ந்த பெண்ணின் உடலில் ஏறக்குறைய 4 முதல் 5 லீற்றர் இரத்தம் உண்டு. கர்ப்ப காலத்தில் அது இன்னும் பெருகும். நிறைமாதத்தில் கருப்பைக்கு மட்டும் நிமிடத்துக்கு அரை லீற்றருக்குக் குறையாமல் இரத்தம் பாய்கிறது. பிள்ளை பிறந்து, நச்சுக்கொடி விழுந்தவுடன் கருப்பை இறுகிச் சுருங்க வேண்டும். சுருங்காவிட்டால் சில நிமிடங்களிலேயே பேராபத்து நேரும். அரை லீற்றர் இழப்பு எச்சரிக்கை. ஒரு லீற்றர் கடும் இழப்பு. ஏற்கெனவே இரத்தசோகை உள்ள தாய்க்கோ இதிலும் குறைந்த இழப்பே போதும்.

வெளியேறும் இரத்தத்தில் பிராணவாயுவைச் சுமக்கும் செங்குழியங்கள் மட்டுமா உள்ளன? கிருமிகளை விழுங்கும் வெண்குழியங்களும், கிருமிகளை அடையாளம் கண்டு பற்றிக்கொள்ளும் பிறபொருளெதிரிகளும் கூடவே போகின்றன. பிள்ளைகளின் விஞ்ஞானப் பாடநூல் 'நிர்ப்பீடனம்' என்று கூறும் நோய் எதிர்ப்புச் சக்தி இவற்றைக் கொண்டே இயங்குகிறது. ஆனால் பெருங்கேடு இந்த இழப்பால் மட்டும் வருவதன்று. அதன் பின் உடலுக்குள் நடப்பதே முக்கியமானது.

காவற்படைக்கு நேர்வது என்ன?

முதலாவதாக, இரத்தம் குறைந்ததும் உறுப்புகளுக்குப் பிராணவாயு போதாமற் போகிறது. மூச்சுத் திணறும் கலங்கள் சிதைந்து, தம்முள் இருந்தவற்றை வெளியே கொட்டுகின்றன. காவற்படை அவற்றைக் கண்டு, பகைவன் புகுந்துவிட்டான் என்றே எண்ணி அபாய மணி அடிக்கிறது. கிருமி ஒன்றேனும் இல்லாதபோதே உடலெங்கும் அழற்சி மூளுகிறது.

இரண்டாவதாக, அந்த நெருப்பு வீட்டையே எரித்துவிடாதபடி உடல் தடை போடுகிறது. இது நல்ல ஏற்பாடே. ஆனால் இழப்பு கடுமையானதாயின் தடையும் அளவு மீறுகிறது. பிடித்த கிருமியின் அடையாளத்தை மற்றவற்றுக்குக் காட்டிக் கொடுக்கும் வெண்குழியங்கள் அந்தத் திறனை இழக்கின்றன. கிருமியை நினைவில் வைத்துப் போரிடும் நிணநீர்க்குழியங்கள் பெருந்தொகையாக மடிகின்றன. ஒரு பக்கம் நெருப்பு, மறுபக்கம் களைப்பு. இரண்டும் ஒரே உடலில் ஒரே வேளையில்.

1980களில் எலிகளில் செய்த ஆய்வுகள் இதைத் தெளிவாகக் காட்டின. வேறு காயம் எதுவுமின்றி இரத்தத்தை மட்டும் இழக்கச் செய்து, பின் அதை ஈடுசெய்தபோதும், அவற்றின் எதிர்ப்புச் சக்தி பல நாட்கள் குன்றியே இருந்தது.

செப்சிஸ் என்பது யாது?

முன்னாளில் 'இரத்தம் நஞ்சாதல்' என்றார்கள். கிருமித் தொற்றுக்கு உடல் காட்டும் எதிர்ப்பு நெறி தவறி, அதனாலேயே நுரையீரல், சிறுநீரகம், இருதயம் முதலிய உறுப்புகள் செயலிழக்கும் நிலைதான் செப்சிஸ் என்று 2016ஆம் ஆண்டு மருத்துவ உலகம் வரையறுத்தது. கேடு செய்வது கிருமி மட்டுமன்று, குழம்பிப்போன காவற்படையுங்கூட என்பது இதன் பொருள். 2011இல் அமெரிக்க ஆய்வாளர்கள், செப்சிஸால் இறந்த 40 பேரின் மண்ணீரலை மரணம் நேர்ந்த சிறிது நேரத்துக்குள் எடுத்துச் சோதித்தனர். அங்கிருந்த காவற்கலங்கள் தூண்டியும் எழும்பாத அளவுக்குச் சோர்ந்திருந்தன. செப்சிஸிலிருந்து தப்பியோரிற் பலர் சில மாதங்களுக்குள் வேறொரு தொற்றோடு மீண்டும் வைத்தியசாலைக்கு வருவதன் காரணம் இப்போது விளங்குகிறதல்லவா?

கிருமி வரும் வழி

பிள்ளை பெற்ற கருப்பை ஒரு திறந்த காயம். அங்கே கிருமியைக் கொண்டு சேர்ப்பது பெரும்பாலும் மனிதக் கையே. 1847இல் வியன்னா நகர வைத்தியசாலையில் செம்மல்வைஸ் என்னும் மருத்துவர் இதைக் கண்டறிந்தார். பிரேதங்களைச் சோதித்த கையோடு மருத்துவர்கள் பிரசவம் பார்த்த பகுதியில், அவ்வாண்டு ஏப்ரலில் நூறு தாய்மாரில் 18 பேர் இறந்தனர். குளோரின் கலந்த நீரில் கைகழுவ வேண்டும் என்று அவர் கட்டளையிட்ட பின், ஜூன் மாதத்தில் அது 2 பேர் அளவுக்கு இறங்கியது. அவர் சொல்லை அன்று பலர் ஏற்கவில்லை. 1865இல் காயமொன்றில் தொற்றிய கிருமியாலேயே அவரும் மாண்டார்.

நம் நாட்டிலும் 1930களில் நூறு பிரசவங்களுக்கு ஏறத்தாழ இரண்டு தாய்மார் இறந்தனர். மருத்துவ மாதர், வைத்தியசாலைப் பிரசவம், இரத்த வங்கி, நுண்ணுயிர்க்கொல்லி மருந்துகள் ஆகியவற்றால் இன்று அது இலட்சத்துக்குச் சில பத்துப் பேராகக் குறைந்துள்ளது. ஆனால் மலைத் தோட்டத்தில் தூரம் இன்னும் ஒரு பகைவனே. மேல் டிவிசன் லயத்திலிருந்து பதுளைப் பெரியாஸ்பத்திரிக்கு வரும் நேரமும் உயிரின் கணக்கில்தான் சேரும். 1990 என்ற இலக்கத்தை அழைத்தால் சுவசெரிய அம்புலன்ஸ் இலவசமாக வரும். இதை வீட்டிலுள்ள சிறுவரும் அறிந்திருக்கட்டும்.

வீட்டார் செய்ய வேண்டியவை

1. பிரசவத்தின் பின் ஆறு வாரங்கள் விழிப்பாயிருங்கள். குளிர் நடுக்கத்தோடு காய்ச்சல், துர்நாற்றமுள்ள போக்கு, வேகமான மூச்சு, படபடக்கும் நாடி, சிறுநீர் குறைதல், பேச்சுத் தடுமாற்றம், மணிக்கு ஒரு துணி நனையும் இரத்தப் போக்கு, இவற்றில் ஒன்று கண்டாலும் விடியட்டும் என்று காத்திராதீர்கள். செப்சிஸில் சிலருக்குக் காய்ச்சலே இராது; உடல் குளிர்ந்தும் போகும். பேச்சுத் தடுமாறினால் 'ஜன்னி' என்று சொல்லி வீட்டில் மந்திரிக்கும் நேரம் இதுவன்று.

2. பத்தியம் என்ற பெயரில் பட்டினி போடாதீர்கள். பிறபொருளெதிரி புரதத்தால் ஆனது. முட்டை, பருப்பு, நெத்தலி, முருங்கைக்கீரை ஆகியவை தாய்க்கு மருந்துக்குச் சமம்.

3. இரும்புச்சத்துக் குளிசையைத் தேநீரோடு விழுங்கக் கூடாது. நம் கையால் பறிக்கும் அதே கொழுந்து, இரும்புச்சத்து உடலிற் சேர்வதைத் தடுக்கும். சாப்பாட்டுக்கும் குளிசைக்கும் முன்னும் பின்னும் ஒரு மணி நேரமேனும் தேநீரைத் தள்ளி வையுங்கள். தேசிக்காய்ச் சாறோடு குளிசையைக் கொடுத்தால் இரும்பு நன்றாகச் சேரும்.

4. தாயையும் சிசுவையும் தொடுமுன் சவர்க்காரமிட்டுக் கைகழுவுங்கள். பார்க்க வருவோரிடமும் தயங்காமற் கேளுங்கள். இருமலுடன் வருவோர் வாசலிலேயே நலம் விசாரிக்கலாம்.

5. பேர் போட வேண்டும் என்று அவளை அவசரமாக மலைக்கு அனுப்பாதீர்கள். 2018ஆம் ஆண்டுத் திருத்தத்தின் பின், எத்தனையாவது பிள்ளையாயினும் 84 நாள் பிரசவ விடுமுறை தொழிலாளப் பெண்ணின் உரிமை. அது சலுகையன்று.

இவை தாய்மாருக்கு மட்டும் உரியவை என்று ஆண்கள் எண்ண வேண்டாம். கவ்வாத்துக் கத்தி ஆழமாக வெட்டினாலும் இதே பாடந்தான். 2021 மார்ச் 20இல் பசறை 13ஆம் மைல்கல்லருகே பேருந்து பள்ளத்தில் வீழ்ந்து பலர் மாண்டதையும் பலர் காயமுற்றதையும் நாம் மறக்கவில்லை. அத்தகைய விபத்தில் தப்புவோருக்கும் இரத்தம் நின்ற பின்னரே இரண்டாவது போராட்டம் தொடங்குகிறது. அவர்களுக்கு ஏற்றும் ஒவ்வொரு பை இரத்தமும் ஊதியம் பெறாத ஒருவர் மனமுவந்து கொடுத்தது. உடல்நலமுள்ள இளைஞர்களே, அடுத்த இரத்ததான முகாமில் உங்கள் கையும் நீளட்டும்.

வைத்தியசாலை உயிரை மீட்டுத் தருகிறது. மீட்ட உயிரைக் காப்பது வீட்டின் பொறுப்பு. "இரத்தம் நின்றுவிட்டது" என்று கேட்டவுடன், "இனி ஆறு வாரம் நாங்கள் காவல்" என்று சொல்லும் கணவனும் மாமியும் உள்ள வீட்டில்தான் அந்தத் தாய் முழுமையாகப் பிழைக்கிறாள்.