கிடா சேர்ந்தும் சினை நிற்கவில்லையா?

வேடசந்தூர், வடமதுரை, குஜிலியம்பாறை வட்டாரங்களில் மானாவாரி விவசாயிக்கு வெள்ளாடுதான் அவசரத்துக்கு உதவும் கைப்பணம். கிடா நன்றாகச் சேருகிறது என்று நம்பியிருப்போம். 21 நாட்களில் பெட்டைகள் மீண்டும் பருவத்துக்கு வந்து கத்தும். உடனே பெட்டையைக் குறை கூறி, அய்யலூர் வியாழக்கிழமைச் சந்தைக்கு ஓட்டிவிடுவோரும் உண்டு. பல பெட்டைகள் ஒருசேர இப்படித் திரும்பினால் முதலில் கிடாவைப் பரிசோதிப்பது அவசியம்.

கிடாவின் விரைகளுக்கு இரண்டு வேலைகள். ஒன்று, டெஸ்டோஸ்டீரோன் என்னும் ஹார்மோனைச் சுரப்பது. கொம்படியில் வீசும் வாடை, முரட்டுத்தனம், பெட்டையைத் தேடும் வேகம் எல்லாம் இதனால் வருபவை. மற்றொன்று, விந்தணுக்களை உற்பத்தி செய்வது. இரண்டையும் மூளைக்கு அடியிலுள்ள பிட்யூட்டரி சுரப்பி தன் ஹார்மோன்களால் ஏவுகிறது. ஆனால் முதல் வேலை நடந்துகொண்டிருக்கும்போதே இரண்டாவது கெட்டுவிடலாம். அப்போது கிடா சேரும், சினை நிற்காது.

விந்தணு உற்பத்திக்கு விரைகள் உடல் சூட்டைவிட 4 அல்லது 5 டிகிரி சென்டிகிரேடு குளிர்ச்சியாக இருக்க வேண்டும். அதனால்தான் அவை வயிற்றுக்கு வெளியே பையில் தொங்குகின்றன. வெயிலில் பை தளர்ந்து இறங்குவதும், குளிரில் சுருங்கி ஏறுவதும் இதற்காகவே. கத்திரி வெயிலிலும் கடும் காய்ச்சலிலும் இந்த ஏற்பாடு போதாமல் விந்தணுக்கள் கெடுகின்றன.

ஒரு விந்தணு உருவாகச் சுமார் 7 வாரம் ஆகும். பின்னர் விரையை ஒட்டிய சுருண்ட குழாயில் ஏறத்தாழ 2 வாரம் தங்கி முதிர்கிறது. ஆகவே சித்திரை வெயிலில் பட்ட பாதிப்பு ஆனி வரையிலும் தொடரலாம். கிடாவின் பராமரிப்பை, பெட்டைகளுடன் சேர்ப்பதற்கு இரண்டு மாதம் முன்பே தொடங்க வேண்டும்.

கவனிக்க வேண்டியவை:

1. கிடா வாங்கும்போது பையைத் தடவிப் பாருங்கள். இரு விரைகளும் ஒரே அளவில், கட்டியின்றி, கெட்டியாக இருக்க வேண்டும். கொழகொழவென்றோ சிறுத்தோ இருந்தால் வாங்க வேண்டாம்.

2. ஒரு விரை மட்டும் இறங்கிய கிடாவை இனவிருத்திக்கு விட வேண்டாம். வயிற்றில் தங்கிய விரை ஹார்மோன் சுரக்கும், விந்தணு தராது. இக்குறை குட்டிகளுக்கும் வரக்கூடும்.

3. கோடையில் காலையும் மாலையும் மட்டும் மேயவிட்டு, நடுப்பகலில் மரநிழலில் கட்டித் தாராளமாகத் தண்ணீர் வையுங்கள்.

4. வேகம் கூட்ட யாரோ சொன்னார்கள் என்று ஹார்மோன் ஊசி போடாதீர்கள். வெளியிலிருந்து டெஸ்டோஸ்டீரோன் சேர்ந்தால் பிட்யூட்டரி தன் ஏவலைக் குறைத்துக்கொள்ளும். விந்தணு உற்பத்தி மேலும் குறையும்.

5. காய்ச்சல் கண்ட கிடாவைக் கால்நடை மருந்தகத்தில் காட்டுங்கள். இரண்டு மாதம் அதற்கு ஓய்வு கொடுத்து, வேறு நல்ல கிடாவைப் பயன்படுத்துங்கள்.

வெள்ளாட்டின் சினைக்காலம் 5 மாதம். கிடாவின் குறையால் இரண்டு மாதம் வீணானால் குட்டி விற்றுப் பார்க்கும் பணமும் இரண்டு மாதம் தள்ளிப்போகும். பெட்டையைச் சந்தைக்கு ஓட்டும் முன் கிடாவைச் சோதித்துக்கொள்வது நலம்.