சங்கத்தின் இணையதளத்தைச் சங்கமே பேணும் முறை

நெசவாளர் சங்கங்களும் கரும்பு விவசாயிகள் சங்கங்களும் இணையதளம் அமைக்க முற்படும் இந்நாளில், அதன் அழகைப் பற்றிய பேச்சே நிர்வாகக் குழுக்களில் மிகுதியாக நடைபெறுகிறது. அமைத்த பின்னர் அதனை யார் நடத்துவது என்பதை ஆராய்வோர் சிலரே.

கரும்பு விலையையே பார்ப்போம். 10.25 சதவீத சர்க்கரைக் கட்டுமானத்திற்கு மத்திய அரசு அறிவித்த நியாயமான ஆதாய விலை, 2023-24 பருவத்தில் குவிண்டாலுக்கு 315 ரூபாய். 2024-25 பருவத்தில் 340 ரூபாய். டன்னுக்கு 250 ரூபாய் வேற்றுமை! பழைய எண் தளத்திலேயே நின்றுவிடுமானால், நெல்லிக்குப்பத்து விவசாயி தம் வரவுசெலவை அதனைக் கொண்டே கணக்கிடுவார். ஓர் எண்ணைத் திருத்தவும் தளம் அமைத்தவரையே அழைக்க வேண்டியிருப்பின், திருத்தம் தாமதமாகும், கூலியும் கேட்பார்.

இதற்கு வழி நெசவாளருக்குப் புதியதன்று. ஜக்கார்டு தறியில் புட்டாவின் வடிவம் துளையிட்ட அட்டைகளில் இருக்கிறது. அட்டை தயாரிப்பவர் ஒருவர், நெய்பவர் மற்றொருவர். ஊடை நூலின் நிறத்தை மாற்ற விரும்பும் நெசவாளர் அட்டையைத் தொட வேண்டியதில்லை. அவ்வாறே தளத்தின் தோற்றத்தை வார்ப்புருவாக ஒருமுறை அமைத்துவிட்டு, செய்தியைத் தனியே வைத்தல் வேண்டும். எழுத்தர் படிவத்தில் தலைப்பையும் செய்தியையும் தட்டச்சிட்டால் போதும். எழுத்தளவு, நிறம், இடம் ஆகியவற்றை வார்ப்புரு கவனித்துக்கொள்ளும்.

2003ஆம் ஆண்டில் வெளிவந்த வேர்ட்பிரஸ் என்னும் மென்பொருள் இம்முறையில் இயங்குவது. அதற்கு உரிமத் தொகை இல்லை. தேசிய தகவலியல் மையத்தின் 'எஸ்-3-வாஸ்' அமைப்பில் நடைபெறும் கடலூர் மாவட்டத் தளத்தையும், வேறு மாவட்டத் தளம் ஒன்றையும் அடுத்தடுத்துத் திறந்து பார்த்தால், வார்ப்பு ஒன்றாகவும் செய்தி வேறாகவும் இருப்பது விளங்கும்.

வேர்ட்பிரஸில் 'பங்களிப்பாளர்' எழுதி வைக்கலாம், வெளியிட இயலாது, 'தொகுப்பாளர்' வெளியிடலாம். முன்னதை எழுத்தருக்கும் பின்னதைச் செயலாளருக்கும் கொடுக்கலாம். ரசீதை எழுதுபவர் ஒருவர், ஒப்பமிடுபவர் மற்றொருவர் என்னும் நம் வழக்கமே இது.

அறிவிப்பைத் தாளில் அச்சிட்டு, படமெடுத்து ஏற்றும் பழக்கத்தை மட்டும் விட்டொழிக்க வேண்டும். ஒருங்குறித் தமிழில் தட்டச்சிட்டதைத் தேடி எடுக்கலாம். கைபேசியில் எழுத்தைப் பெரிதாக்கலாம். கண்பார்வை குன்றியவருக்குக் கருவி வாசித்தும் காட்டும்.

தளத்தின் பெயர் சங்கத்தின் பெயரிலேயே பதிவாகட்டும். அமைத்தவர் தம் பெயரில் பதிந்துகொண்டால், பிணக்கு நேரும் நாளில் சங்கத்திற்கு முகவரியே இராது. நிர்வாகிக்குரிய கடவுச்சொல்லை உறையிலிட்டு முத்திரையுடன் சங்கப் பெட்டகத்தில் வைக்க வேண்டும். பதிவைப் புதுப்பிக்கும் நாளைத் தீர்மானப் புத்தகத்தில் குறித்தல் நலம்.

இறுதித் தொகை கொடுக்குமுன் ஒரு சோதனை செய்க. எழுத்தர் எவர் உதவியுமின்றி ஒரு விலையைத் திருத்தி, பேரவைக் கூட்ட அறிவிப்பு ஒன்றை எழுதட்டும். செயலாளர் அதனை வெளியிடட்டும். இருவரும் தடையின்றிச் செய்து முடித்த பின்னரே காசோலையில் கையொப்பமிடலாம்.