குடவோலையும் பதவிக் காலமும்

நீலகிரியில் குன்னூர், கோத்தகிரி, கூடலூர் முதலிய ஒன்றியங்களைச் சார்ந்த சிற்றூர்கள் 2019 டிசம்பரில் ஊராட்சித் தேர்தலைக் கண்டன. தேயிலைக் கொழுந்து கிள்ளுவோர்க்கும் தோட்டம் உடையோர்க்கும் வாக்கு ஒன்றே. ஆயினும் ஒருவர் எத்தனை முறை தலைவராகலாம் என்பதற்கு 1994-ஆம் ஆண்டின் தமிழ்நாடு ஊராட்சிகள் சட்டம் வரம்பு வகுக்கவில்லை. குடிநீரும் தெருவிளக்கும் பாதையும் நெடுநாள் ஒருவர் கையிலேயே இருப்பின், கேள்வி கேட்பார் வாய் தானே அடங்கிவிடும். இவ்விடரை ஆயிரத்து நூறு ஆண்டுகட்கு முன்னரே எண்ணிப் பார்த்த ஊர் ஒன்று தமிழ்நாட்டில் உண்டு. அது காஞ்சிபுரம் மாவட்டத்து உத்திரமேரூர்.

அவ்வூர் வைகுண்டப் பெருமாள் கோயிற் சுவரில் முதற் பராந்தக சோழன் காலத்துக் கல்வெட்டுகள் இரண்டு உள. ஒன்று கி.பி. 919-ஆம் ஆண்டினது, மற்றொன்று 921-ஆம் ஆண்டினது. முந்திய விதிகளிற் குறை கண்டனர் போலும். இரண்டே ஆண்டில் அவற்றைத் திருத்தினர். 30 முதல் 60 வரை என்றிருந்த வயதெல்லை 35 முதல் 70 வரை என்றாயிற்று.

ஊர் 30 குடும்புகளாகப் பகுக்கப்பட்டிருந்தது. குடும்பு என்பது இக்காலத்து வார்டு போன்றது. குடும்புதோறும் தகுதியுடையார் பெயர்களை ஓலை நறுக்குகளில் எழுதிக் குடத்தில் இட்டனர். சிறியோரும் பெரியோரும் கூடிய அவையில், கோயில் நம்பிமாருள் முதியவர் குடத்தை யாவருங் காணத் தூக்கி நிற்பார். ஏதும் அறியாச் சிறுவன் ஒருவன் ஓர் ஓலையை எடுப்பான். மத்தியஸ்தர் ஐந்து விரலும் விரித்த உள்ளங்கையில் அதனை ஏற்றுப் படிப்பார். விரல் மடங்கின் ஓலை மாறவுங் கூடுமன்றோ!

இவ்வாறு ஆண்டு வாரியம், தோட்ட வாரியம், ஏரி வாரியம் ஆகியவற்றிற்கு உறுப்பினர் அமைந்தனர். பதவி 360 நாட்களுக்கே உரியது. பதவி வகித்தவர் பெயர் அடுத்த மூன்றாண்டுகள் குடத்துட் புகாது. ஆதலின் ஒருவரை இறக்குதற்கு ஊரார் திரண்டு போராட வேண்டுவதில்லை. நாட்கணக்கே அவரை இறக்கிற்று. கணக்குக் காட்டாதவர் விலக்கப்பட்டதோடு, அவர்தம் உறவினரும் விலக்கப்பட்டனர். கணக்கை மறைத்துவிட்டு மைத்துனனை அமர்த்தும் சூழ்ச்சி அங்கே செல்லாது. பண்டை ஏதென்ஸ் நகரத்து ஐந்நூற்றுவர் அவையும் சீட்டினாலேயே ஓராண்டுக்கு அமைந்தது. அதில் ஒருவர் தம் வாழ்நாளில் இருமுறைக்கு மேல் அமர்தல் இயலாது.

உத்திரமேரூரைப் புகழுமிடத்து ஒன்றை மறைத்தல் தகாது. அது பிராமணர் ஊர்ச்சபை. இறை செலுத்தும் நிலமும், சொந்த மனையும், வேதப் பயிற்சியும் உடையார் பெயர்களே குடத்துட் புகுந்தன. உழுதவர் பெயருக்கு அங்கு ஓலை இல்லை.

இன்று நீலகிரி ஊராட்சிகளில் மகளிர்க்கும் பட்டியல் இனத்தார்க்கும் பழங்குடியினர்க்கும் உரிய இடங்கள் சுழற்சி முறையில் மாறுகின்றன. ஓர் ஊர்த் தலைமை மகளிர்க்கென ஒதுக்கப்படின், அதுவரை ஆண்ட ஆடவர் விலகியே தீர வேண்டும். அந்நாற்காலியில் கொழுந்து கிள்ளும் பெண்ணொருத்தி அமரலாம். மனைவியை அமர்த்திக் கணவனே ஆட்சி நடத்தும் ஊர்களும் நாட்டில் உள.